முன்பணம் வாங்கியவன் என்ன கடன்பட்டான்?

பதுளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது இளைஞன் ஒருவன் என்னைத் தனியே அழைத்தான். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன், என்னிடம் படித்தவன். உயர்தரம் முடித்து, கணினி வகுப்பொன்றும் முடித்து, இப்போது நகரத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். கையில் ஒரு அப்பியாசக் கொப்பி. அதைத் திறக்காமலே, "சேர், நான் யார் காசையும் திங்கல. ஆனா எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றான்.

நடந்தது இதுதான். 2021-ஆம் ஆண்டில் அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். மூடுபனி இறங்கிய விடியற்காலையில் லயத்து வாசலிலிருந்து புறப்பட்டு, வீடு திரும்பாத தன் பாட்டியைத் தேடித் தேயிலை மலையில் ஏறிப்போகும் ஒரு சிறுமியின் கதை அது. பீலிக்கரை, பிரட்டுக்களம், கொழுந்து மடுவம் எல்லாம் அதில் வரும். வெளிநாட்டு விளையாட்டுகளில் நம் பிள்ளைகள் காண்பதெல்லாம் பனிநாட்டுக் கோட்டையும் அமெரிக்கத் தெருவுந்தானே, நம் மலையும் ஒருமுறை அதில் வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். இதற்காக 63 பேரிடம் பணம் திரட்டினார்கள். பள்ளித் தோழர்கள், கட்டாரிலும் சென்னையிலும் இருக்கும் உறவினர், அயல் லயத்துக்காரர் என்று பலர். மொத்தம் இரண்டு இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கொடுத்த ஒவ்வொருவருக்கும் விளையாட்டின் ஒரு பிரதி. முடிவில் வரும் பட்டியலில் அவரவர் பெயர். எல்லாம் 2022 நத்தாருக்குள். இப்படித்தான் வாக்குக் கொடுத்தார்கள்.

2022 நம் நாட்டுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360-ஐத் தொட்டது. மார்ச்சு மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் கணினி விளையாட்டு எப்படிச் செய்வது? படம் வரைந்து கொண்டிருந்த நண்பன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மற்றவன் கல்யாணம் செய்துகொண்டு இதை விட்டுவிட்டான். பணம் கணினிக்கும் மென்பொருளுக்கும் வரைந்தவர் கூலிக்குமாகச் செலவாகியிருந்தது. கொடுத்தவர்களுக்கென்று ஏற்படுத்திய வாட்ஸ்அப் குழுவில் அவன் கடைசியாக எழுதியது 2023 ஜூன் மாதத்தில். விரைவில் நல்ல செய்தி வரும் என்று. அதன்பின் ஒரு வரியும் இல்லை.

"சொல்லணுமா சேர்? சும்மா இருந்தா மறந்துருவாங்க. சொன்னா கள்ளன்னு பேர் வரும்."

அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த ஞாயிறு பேசுவோம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையே இங்கே எழுதுகிறேன். விளையாட்டுக்காகக் காசு கொடுத்ததும் வாங்கியதும் ஒரு விஷயமா என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த 63 பேரில் ஒருவர் அவனுடைய பெரியம்மா. இன்றும் கொழுந்து பறிப்பவர். அவர் கொடுத்தது 1,000 ரூபாய். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் சட்டப்படி வந்தது அந்த 2021-இல்தான். ஆகவே அவர் கொடுத்தது முழுசாக ஒரு பேர். அட்டைக்கடி, மழை, ஏற்றம் எல்லாம் சேர்ந்த ஒரு நாள். இதைக் கேட்டபிறகு எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

இன்னும் இல்லாத ஒரு பொருளுக்காகப் பலரிடம் சிறு சிறு தொகையாக முன்பணம் திரட்டும் வழக்கம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. 2009-இல் நியூயோர்க்கில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற நிறுவனம் இதற்குப் பெரிய சந்தை. முறை எளிதானது. ஒருவர் தம் திட்டத்தையும், வேண்டிய தொகையையும், ஒரு கெடு நாளையும் இணையத்தில் அறிவிக்கிறார். அந்நாளுக்குள் தொகை சேராவிட்டால் யாருடைய பணமும் எடுக்கப்படுவதில்லை. சேர்ந்துவிட்டால் நிறுவனம் நூற்றுக்கு 5 எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடம் கொடுக்கிறது. இந்தியாவில் புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு, இந்தியப் புராணக் கதைகளின் சாயலில் 'ராஜி' என்ற விளையாட்டுக்காக 2017-இல் இவ்வாறு கேட்டுப் பார்த்தது. இலக்கு எட்டவில்லை. கொடுக்க முன்வந்தவர்கள் ஒரு சதமும் இழக்கவில்லை. குழுவினர் வேறு வழிகளில் பணம் தேடி 2020-இல் அதை முடித்து வெளியிட்டார்கள். நம் இளைஞன் பணம் திரட்டியதோ தன் வங்கிக் கணக்கில். வந்தது வந்தபடி கைக்குப் போயிற்று. போதுமா போதாதா என்று தடுத்துப் பார்க்க நடுவில் யாரும் இருக்கவில்லை.

இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றுத்தான் செலவுக்கு வழி தேடினார். 1976-இல் சியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' திரைப்படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படம் வெளியானபோது லொறி லொறியாக வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள் என்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் லயம் லயமாக வரி எடுக்கிறார்கள். ஆடுபவர்களுக்கு வேடமும் விளக்கும் அந்தப் பணத்தில்தான். காமனை நட்டபிறகு கூத்தை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது ஊர்க்கட்டு. கூத்து முடிந்தபின் வரவு செலவு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். நம் சிற்றாலயத் திருவிழாக்களிலும் அப்படியே. ஒலிபெருக்கியில் இன்ன லயத்து இன்னார் இவ்வளவு என்று சொல்லும்போது கொடுத்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

இனி, கொடுக்கப்படும் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்பதைப் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தால் கடமையும் பாதி தெரியும்.

நன்கொடை என்றால் கொடுத்ததோடு முடிந்தது. ஆனால் இங்கே பதிலுக்கு ஒரு பிரதி தருவதாக வாக்கு இருக்கிறது. விலை என்றால் பதுளைக் கடைத்தெருவில் சேலை வாங்குவது போலிருக்க வேண்டும். ஆனால் இங்கே பொருள் இன்னும் பிறக்கவே இல்லை, பிறக்குமோ என்பதும் நிச்சயமில்லை. பங்குமுதல் என்றால் இலாபத்தில் பங்கு வேண்டும். அப்படி எதுவும் பேசப்படவில்லை. தாங்கள் ஒரு கடை அல்ல என்று கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே 2012-இல் அறிவித்தது. பெயர் இப்படி நழுவிக்கொண்டிருப்பதில் சிலருக்குப் பெரிய வசதி இருக்கிறது. பணம் கேட்கும்போது, நீங்கள் எல்லோரும் எங்கள் குடும்பம் என்பார்கள். எப்போது வரும் என்று கேட்டால், நீங்கள் கடைக்கு வந்தவர்களா என்பார்கள். திருப்பிக் கேட்டாலோ, அது நீங்களாக மனமுவந்து தந்ததல்லவா என்பார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: முன்பணம். அந்தச் சொல் நம் மலைகளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

நம் பாட்டன் பூட்டன்மார் முன்பணம் வாங்கியவர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கையில் கொடுத்த சில ரூபாய், வழிச்செலவு, போர்வை, அரிசி எல்லாம் அவர்கள் பெயரில் பற்று எழுதப்பட்டு, கண்டிச்சீமைக்கு வந்து சேரும்போதே கடனாக நின்றது. தோட்டம் மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டே அந்தத் துண்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடனும் ஆளோடு கூடவே நடக்கும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். ஆக, முன்பணம் என்பது வாங்கியவனின் உடலையே கட்டிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. நம் ஊவா மலைகள் அதை அறியும்.

இதை நினைவில் வைத்திருப்பவனுக்கு, இணையத்தில் சில ஆதரவாளர்கள் பேசும் பேச்சு கசக்கும். 20 டொலர் கொடுத்துவிட்டு, உருவாக்குபவன் ஏன் ஓய்வு எடுத்தான், ஏன் கல்யாணம் செய்தான், ஏன் வேறு வேலைக்குப் போனான் என்று வசைபாடுகிறவர்கள் உண்டு. முன்பணம் கொடுத்ததால் அவனுடைய இரவும் பகலும் தங்களுடையவை என்று எண்ணுகிறார்கள். நம் இளைஞனின் நண்பன் வளைகுடாவுக்குப் போனதை நான் குறைசொல்லப் போவதில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஒரு விளையாட்டுக்காக அவனைத் துண்டு எழுதிப் பிடித்து வைக்க முடியாது. எவ்வளவு பேர் எவ்வளவு கொடுத்திருந்தாலும், இல்லாத திறமையைக் கொடு, கைமீறிப்போன காலத்தைக் கொடு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அப்படியானால் முன்பணம் எதைத்தான் கட்டுகிறது? சில உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம்.

2012-இல் அமெரிக்காவில் ஒருவர், அட்லான்டிக் சிட்டிக்கு வந்த அழிவு என்று பொருள்படும் பெயருடைய ஒரு பலகை விளையாட்டைத் தயாரிப்பதாக 35 ஆயிரம் டொலர் கேட்டார். 1,246 பேர் ஒரு இலட்சத்து 22 ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். மாதந்தோறும் வேலை நடக்கிறது என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. 2013 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது என்றார். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015-இல் வழக்குத் தொடுத்தது. வீட்டு வாடகைக்கும், வேறு மாநிலத்துக்குக் குடிபோன செலவுக்கும், வேறொரு திட்டத்துக்கும் அந்தப் பணம் போயிற்று என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஒரு இலட்சத்து 11 ஆயிரம் டொலருக்குத் தீர்ப்பாகியும், கட்ட அவரிடம் வகையில்லை என்று அது நிறுத்திவைக்கப்பட்டது. வேறொரு கொம்பனி அந்த விளையாட்டைத் தன் செலவில் அச்சிட்டு, முன்பணம் கொடுத்திருந்தவர்களுக்கு இலவசமாக அனுப்பியது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

இதற்கு மாறான ஒன்று. டிம் ஷேஃபர் என்ற பெயர்பெற்ற விளையாட்டு ஆசிரியரின் டபுள் ஃபைன் நிறுவனம் 2012-இல் நான்கு இலட்சம் டொலர் கேட்டது. 87 ஆயிரம் பேர் சேர்ந்து 33 இலட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். பணம் பெருகியதும் கனவும் பெருகியது. இது மனித இயல்பு. 2013 ஜூலையில், கேட்டதைப் போல் எட்டு மடங்கு கிடைத்தும் போதவில்லை என்று ஷேஃபர் ஆதரவாளர்களுக்கு எழுத நேர்ந்தது. எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! பலர் சினந்தார்கள். ஆனால் எழுதினார். விளையாட்டை இரண்டாகப் பிரித்து, முதற்பாதியை விற்ற பணத்தில் மறுபாதியை முடிப்போம் என்றார். 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்த விளையாட்டின் முதற்பாதி 2014 ஜனவரியிலும் மறுபாதி 2015 ஏப்ரலிலும் வந்தன. வேலை நடந்த விதத்தை, சண்டை சச்சரவு உட்பட, படம்பிடித்து ஆதரவாளர்களுக்குக் காட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்கே முடிவாகத் தெரியவில்லை. கிறிஸ் ரொபேட்ஸ் என்பவரின் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற விண்வெளி விளையாட்டு. 2012-இல் பணம் திரட்டத் தொடங்கி, 2014-இல் தருவதாகச் சொன்னார்கள். 2024-ஆம் ஆண்டில் திரண்ட தொகை 70 கோடி டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு முடிந்தபோதும் விளையாட்டு முழுமையாக வெளிவந்திருக்கவில்லை. ஏமாற்று என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். முடிந்த பகுதிகளை ஆதரவாளர் ஆடியும் பார்க்கிறார்கள். 2018 முதல் நிறுவனம் வரவு செலவுச் சுருக்கம் ஒன்றையும் வெளியிட்டு வருகிறது. என்றாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. குறித்த காலத்துக்கு மேல் தாமதமானால் கணக்குக் காட்டி, செலவாகாத பணத்தைத் திருப்புவோம் என்று தொடக்க நிபந்தனைகளில் இருந்த வாசகம் பின்னர் தளர்த்தப்பட்டு, 2016-இல் மாற்றப்பட்டுவிட்டது. பணம் வாங்கியபின் வாக்கின் வாசகத்தை வாங்கியவரே திருத்திக்கொள்ளலாமா? ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்லுமோ, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் கேட்டுப் பாருங்கள், பதில் தாமதமின்றி வரும்.

இம்மூன்றிலும் பணத்தின் அளவு முக்கியமாகப் படவில்லை. வெற்றி தோல்வியும் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. தோற்றுப்போவது இத்தொழிலில் எதிர்பார்த்ததுதான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஈதன் மொலிக் 2015-இல் செய்த ஆய்வில் ஆதரவாளர் 47 ஆயிரம் பேர் பதில் கூறினார்கள். பணம் திரண்ட திட்டங்களில் நூற்றுக்கு 9 அளவில் வாக்களித்ததைக் கொடுக்கத் தவறின என்று தெரிந்தது. கொடுக்கிறவர் இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டே கொடுக்கிறார். பெரியம்மாவும், செய்து முடித்தால் பார்ப்போம் என்றுதான் கொடுத்திருப்பார். ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது தோல்வியின் ஆபத்தை மட்டுமே. மௌனத்தின் ஆபத்தை அவர் ஏற்கவில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்கவுமில்லை.

2014-இல் கிக்ஸ்டார்ட்டர் தன் விதிகளைத் திருத்தியபோது இதை ஒருவாறு ஒப்புக்கொண்டது. திட்டத்தை முடிக்க முடியாதவர் என்ன செய்தார், பணம் எவ்வாறு செலவாயிற்று, எது தடுத்தது என்பதை விளக்க வேண்டும். நேர்மையாக முயன்றதைக் காட்ட வேண்டும். மீதி இருந்தால் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். இவற்றைச் செய்தால் கடமை தீர்ந்தது என்கிறது அந்த விதி. முடித்துத்தான் ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கணக்குச் சொல்லாமல் தப்ப முடியாது என்று சொல்கிறது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த எண்ணம் பழையது. மாதந்தோறும் நம் தொழிலாளரின் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்கப்படுகிறது. அப்படித் திரண்ட பணத்துக்குப் பொருளாளர் அங்கத்தவருக்கு உண்மையான கணக்குக் கொடுக்க வேண்டும், அங்கத்தவர் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடலாம் என்று 1935-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. கேட்கும் உரிமை ஏட்டில் இருக்கலாம். கேட்கும் துணிவு தனியாக வரவேண்டியிருக்கிறது. இதனால்தான், கேட்டால் சொல்கிறேன் என்று காத்திருப்பது போதாது என்கிறேன். சிறிய தொகை கொடுத்தவர்கள் கேட்கவே மாட்டார்கள். ஆயிரம் ரூபாய்க்காக ஒரு பிள்ளையிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று கூசுவார்கள். அந்தக் கூச்சத்தின் மறைவில் எத்தனையோ கணக்குகள் புதைந்துபோகின்றன.

புனித சின்னப்பர் யெருசலேமின் ஏழைகளுக்காகச் சபை சபையாகப் பணம் திரட்டியதை நாம் அறிவோம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு வாசித்தபோது எனக்குப் புதிதாக இருந்தது. அப்போஸ்தலர், அவரை யார் சந்தேகிப்பார்? இருந்தும் அவர் பணத்தைத் தனியே சுமக்க விரும்பவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் கூட அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் குறைகூற இடமிருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே எழுதுகிறார். கடவுளுக்குத் தெரியும், அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. மனிதர் கண்ணுக்கும் அது சரியாகத் தெரிய வேண்டும் என்று கவலைப்படுகிறார். நம்மில் சிலர், மனச்சாட்சிக்குத் தெரியும் என்று சொல்லி எவ்வளவு எளிதாகக் கொப்பியை மூடிவிடுகிறோம்!

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காதவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையும் இருக்கிறது. அதை வைத்து அந்த இளைஞனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. 2021-இல் உட்கார்ந்து கணக்குப் பார்த்த எவர்தான் 2022-ஐக் கண்டார்? நாட்டின் மத்திய வங்கியே காணவில்லை.

சும்மா இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று அவன் சொன்னதுதான் அந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை. உண்மைதான், மறந்துவிடுவார்கள். ஆனால் மறப்பது ஒன்று, மன்னிப்பது வேறொன்று. நடந்ததை அறிந்தவனால்தான் மன்னிக்க முடியும். பணம் எங்கே போயிற்று என்று தெரியாத பெரியம்மா அவனை மன்னிக்கவும் முடியாது, கோபிக்கவும் முடியாது. போகட்டும், எனக்கு வரைகலை தெரிந்த பையன் ஒருவனைத் தெரியும், அவனைக் கேட்டுப் பார் என்று வழிசொல்லவும் முடியாது. இவற்றில் எதைச் செய்வது என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது. மௌனமாக இருப்பவன் அதையும் சேர்த்துத் தானே எடுத்துக்கொள்கிறான். பணம் செலவானது நேர்மையாக இருக்கலாம். இதற்கு அந்தச் சமாதானம் செல்லாது. கள்ளன் என்று பெயர் வந்துவிடும் என்று அவன் அஞ்சினான். சொல்லாவிட்டால் அந்தப் பெயர் வராதா? மெல்ல வரும், அவன் இல்லாத இடத்தில் வரும், மறுத்துப் பேச ஒரு வாய்ப்பும் தராமல் வரும்.

மறு ஞாயிறு அவனிடம் இவற்றையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. கொப்பியைக் காட்டு தம்பி என்றேன். திறந்தான். முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருந்தான்; கணினி வாங்கிய பற்றுச்சீட்டும் ஒட்டியிருந்தது. இரண்டு இடத்தில் பணம் எதற்கென்று எழுதாமல் விட்டிருந்தான். கேட்டபோது, தங்கையின் பாடசாலைச் செலவுக்கு எடுத்ததாகவும், பிறகு சம்பளத்தில் போட்டுவிட்டதாகவும் தலைகுனிந்து சொன்னான். அதையும் எழுது என்றேன். எழுதுவதற்கு நெடுநேரம் பிடித்தது.

அந்தப் பக்கங்களைப் படமெடுத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அன்றிரவே குழுவில் போட்டிருக்கிறான். பாதிப்பேருக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார்களா என்பதும் தெரியாது. மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மாதம் 2,000 ரூபாயாகக் கொடுத்து வருகிறான். சென்னையிலிருந்து ஒருவர் கடுமையாக எழுதியிருந்தார்; எனக்கும் காட்டினான். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கட்டாரிலிருக்கும் ஒரு தோழன், விட்ட இடத்திலிருந்து யாராவது எடுத்துச் செய்ய, இருப்பதை அப்படியே திறந்து கொடுத்துவிடு என்று யோசனை சொல்லியிருக்கிறான். அதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரியம்மாவிடம் வாட்ஸ்அப் கிடையாது. சனிக்கிழமை அந்திக் கொழுந்து நிறுத்தபின் லயத்துக்கு ஏறிப்போய் நேரிலேயே சொல்லியிருக்கிறான். ஆயிரம் ரூபாயை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ள பாட்டியக் கண்டுபுடிச்சுச்சா இல்லியா?" என்றுதான் கேட்டாராம். முடிந்திருக்கும் ஒரே பகுதியைக் கைத்தொலைபேசியில் காட்டினான். சிறுமி பீலிக்கரையைத் தாண்டி, கொழுந்து பறிப்பவர்கள் நடுவே நடந்து, மடுவம் வரை போவாள், அதற்கப்பால் பனிதான். பெரியம்மா இரண்டு முறை பார்த்தாராம். பிறகு, "கூடைக் கயித்த எல்லாரும் தோள்ல போட்டிருக்காங்களே. அது தலையில இல்ல மாட்டணும்" என்றாராம்.

அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.